ஆறாவது சாம்பியன்

ஹாச்சினோஹே
ஏப்ரல் 9, 2018

இவாசே அண்ணனுக்கு,

தொகாஷி எழுதுகிறேன். உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்ததுமே அடுப்பில் போட்டிருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன். இங்கே இன்னும் குளிர் விடவில்லை. செர்ரி மரத்தில் மொட்டுகூட வைக்கவில்லை. கோரியாமாவில் இந்நேரம் பூத்திருக்கும், உங்கள் சாப்பாட்டுக் கடையில் கூட்டமும் இருக்கும்.

கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதை முறித்தவனே கேட்டால் நன்றாகவா இருக்கும்? கேட்காமலும் இருக்க முடியவில்லை.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நம் கிட்டானாமி மல்யுத்தக் கம்பெனியின் ஜூனியர் ஹெவிவெயிட் பட்டத்துக்கு இந்தச் செப்டம்பரோடு முப்பது வயது. தலைவர் ஹோசாக்கா சென்டாயில் பெரிய விழா வைக்கிறாராம். அதோடு ஒரு புத்தகம். பட்டம் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை பெல்ட்டைக் கட்டிய அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம். ஐந்தாவது நீங்கள். உங்களுக்குக் கழுத்து போனபின் அரை வருஷம் காலியாகக் கிடந்த பட்டத்தைப் போட்டி வைத்து ஒருவனுக்குக் கொடுத்தார்களே, அவன்தான் ஆறாவது. நடுவில் நான் இல்லை.

மோரியோக்கா ஜிம்னாசியத்தில், பதினெட்டாயிரம் கண்ணுக்கு முன்னால், உங்கள் தோள் இரண்டும் தரையில் இருக்க, ரெஃபரி மினாயி மூன்று எண்ணி முடித்தார். பெல்ட் ஒரு வாரம் என் அறையில் இருந்தது. அப்புறம் ஒரு பையன் வந்து, "அண்ணே, பெல்ட்டைக் கேட்டாங்க" என்று துணிப்பையில் போட்டு எடுத்துப்போனான். பதிவேட்டில் அந்த ஆட்டத்துக்கு எதிரே 'முடிவு இல்லை' என்று போட்டுவிட்டார்கள்.

வெட்கத்தை விட்டுத் தலைவருக்குப் போன் செய்தேன். "இவாசே சரின்னா எனக்கும் சரி. அன்னைக்கு உன் பேரை எடுக்கச் சொன்னது அவன்தானே. அவன்கிட்டயே கேளு, எழுதி வாங்கிட்டு வா" என்றார்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். ஒரு வரி எழுதிக் கொடுங்கள். எனக்குப் பணம் வேண்டாம், விழாவுக்கு அழைப்பும் வேண்டாம். இங்கே கணவாய் மீன் வெட்டுகிற கம்பெனியில் என்னைக் 'கழுத்துமுறிச்சான்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேலிக்குத்தான், பாசமாகத்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள் அண்ணே. ஆட்டத்துக்கு முடிவு இருந்தால் அது ஆட்டம். அதில் நடந்தது விபத்து. முடிவே இல்லை என்றால் நான் செய்தது என்ன? ஒரு மனுஷனைத் தூக்கித் தலைகீழாகப் போட்டவன், அவ்வளவுதானே? இருபது வருஷமாக நான் அப்படித்தான் இருக்கிறேன்.

உங்கள் மனைவி நொபுயோ அக்காவுக்கு என் வணக்கம்.

தொகாஷி


கோரியாமா
ஏப்ரல் 21

தொகாஷி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. தாங்கள் நலமாக இருப்பது அறிந்து...

சீ, எனக்கு இந்த நடிப்பு வரவில்லை. உனக்கென்ன 'தங்கள்'?

ஆமாம், எடுக்கச் சொன்னவன் நான்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையை இரும்பு வளையத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். ஹோசாக்கா வந்து பழக்கூடையை வைத்துவிட்டு, "ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். "அவன் பேரு அந்தப் பட்டத்துல இருக்கக் கூடாது. அவன் திருடினான்" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இதையெல்லாம் காகிதத்தில் எழுதக் கூடாது என்றுதான் நமக்குப் பயிற்சிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எழுதுகிறேன், போ. அன்றைக்கு ஜெயிக்க வேண்டியவன் நான். மதியமே ஹோசாக்கா நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். நீ என்னைத் தூக்கிப் போடுவாய், இரண்டு எண்ணும்போது நான் தோளைத் தூக்குவேன், அப்புறம் உன் கதையை நான் முடிப்பேன். நீ போட்டாய், கை வழுக்கிப் போட்டாய். அதற்காக நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. வேர்வையில் எவனுக்கும் கை வழுக்கும்.

ஆனால் அதற்கப்புறம்? என் மேல் வந்து படுத்தாய். என் கையைப் பிடித்து அழுத்தினாய், 'சரியா இருக்கியா' என்று கேட்கிற அழுத்தம். நான் திருப்பி அழுத்தினேன். பயிற்சிக்கூடத்தில் முதல் நாளே கற்றுக்கொண்டதுதானே, அழுத்தினால் உயிரோடு இருக்கிறேன், ஆட்டத்தைத் தொடரு என்று அர்த்தம். தோள் மட்டும் எழவில்லை. அந்த நேரத்தில் எதிராளி என்ன செய்ய வேண்டும்? தலைமயிரைப் பிடித்துத் தூக்கிவிட்டு, 'இவனுக்கு இது போதாது' என்று கூட்டத்தைப் பார்த்து முறைக்க வேண்டும். அரைகுறை ஆளுக்குக்கூடத் தெரியும். நீ என்ன செய்தாய்? மினாயி குனிந்து, "என்னடா?" என்று கேட்டார். நீ சொன்னதை என் காதால் கேட்டேன். "எண்ணுங்க. மூணும் எண்ணுங்க."

திருட்டுப்பயல்.

அதோடு விட்டாயா? மறுவாரம் பத்திரிகை அட்டையில் நான் ஸ்ட்ரெச்சரில், நீ பின்னால் பெல்ட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு. அந்தப் படத்தை என் மாமியார் வீட்டில்கூடப் பார்த்தார்கள்.

அந்தப் பட்டம் என்ன பாடுபட்டு வந்தது என்று உனக்குத் தெரியாதா? நூறு கிலோவுக்குக் கீழே இருக்கிறவனை அந்தக் காலத்தில் எவன் மதித்தான்? ஹெவிவெயிட் அண்ணன்மார் குளிக்கும்போது முதுகு தேய்க்கவும், முதல் ஆட்டத்தில் பல்டி அடித்துக் கூட்டத்தைச் சூடேற்றவும்தான் நாம். முதல் சாம்பியன் பெல்ட்டைக் கட்டியபோது ஒரு பெரியவன், "நாய்க்குப் பட்டை கட்டிட்டாங்கடா" என்று சிரித்தான். இரண்டாவது ஆள் முகமூடிக்காரர், முழங்கால் இரண்டும் தேய்ந்து வெளியே போனார். நாலாவது ஆள் காலத்தில்தான் சின்னப் பையன்கள் ஜூனியர் ஆட்டத்துக்கென்றே டிக்கெட் வாங்கினார்கள். நான் கட்டியிருந்தபோது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஹெவிவெயிட் ஆட்டத்துக்கு அப்புறம் கடைசி ஆட்டமாக நம்மை வைத்தார்கள். மோரியோக்காவில். அந்த ராத்திரியைத்தான் நீ தின்றாய்.

உன்னை ஆறாவது என்று போட்டால் அதற்கப்புறம் வந்த பதினேழு பேரும் ஒரு எண் தள்ளிப்போக வேண்டும். இப்போது கட்டியிருக்கிற பையன் 'இருபத்திரண்டாவது' என்று பனியனே அடித்து விற்கிறான். உனக்காக அவன் பனியனைத் திருத்த வேண்டுமா?

கையெழுத்து கிடையாது. நொபுயோ உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து எடுத்து வைத்துக்கொண்டாள்.

இவாசே


ஹாச்சினோஹே
மே 3

இவாசே அண்ணனுக்கு,

திருட்டுப்பயல் என்று எழுதியதற்கு நன்றி. நிஜமாகத்தான் சொல்கிறேன். இத்தனை வருஷம் என்ன கோபம் என்றே தெரியாமல் நான் அடி வாங்கிக்கொண்டிருந்தேன். கழுத்துக்குத்தான் கோபம் என்று நினைத்திருந்தேன். அதற்கு எத்தனை அடி வேண்டுமானாலும் வாங்கத் தயாராக இருந்தேன்.

நீங்கள் அழுத்தவில்லை.

இந்த வரியை எழுதி அடித்து, எழுதி அடித்து, கடைசியில் அப்படியே விட்டுவிட்டேன். நீங்கள் திருப்பி அழுத்தவில்லை அண்ணே. நான் ஒரு தடவை அழுத்தினேன். பதில் இல்லை. நகம் பதிய இன்னொரு தடவை அழுத்தினேன். உங்கள் கை என் கைக்குள் செத்த கணவாய் மாதிரி கிடந்தது. தினம் ஆயிரம் கணவாயைத் தொடுகிறவன் சொல்கிறேன், அதற்கு வேறு பெயர் கிடையாது.

பயிற்சிக்கூடத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் நாள் சொல்லிக்கொடுத்தது மறந்துவிட்டதா? கை பதில் சொல்லவில்லை என்றால் தலையைத் தொடாதே, உடம்பை அசைக்காதே, ஆட்டத்தை முடி. அதைச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான்! என்னைவிட ஒரு வருஷம் மூத்தவர் என்று புதுசாய் வந்தவர்களுக்கு நீங்கள்தானே வகுப்பெடுத்தீர்கள்? 'மயிரைப் புடிச்சுத் தூக்கினா அவன் பொணம்டா' என்று என் மண்டையில் தட்டிச் சொன்ன வாய் அது.

அன்றைக்கு நான் தூக்கியிருந்தால்? ஹோசாக்கா சந்தோஷப்பட்டிருப்பார். மதியம் பேசினபடி நடந்திருக்கும். நீங்கள் ஐந்தாவது சாம்பியனாகவே செத்திருப்பீர்கள்.

அதனால்தான் மினாயியிடம் மூன்றையும் எண்ணச் சொன்னேன். மணி அடித்தால்தான் டாக்டர் ரிங்குக்குள் வருவார். எண்ணுகிறவரை என் பாரம் உங்கள் மேல் விழாமல் இரண்டு முழங்கையிலும் தாங்கிக் கிடந்தேன். ஒரு பக்கம் தோலே போய்விட்டது. அதை ஒருவனும் படம் எடுக்கவில்லை.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த பெல்ட்டைத் தூக்கச் சொன்னது யார் என்று ஹோசாக்காவிடம் கேட்டீர்களா? கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு, "தூக்குடா நாயே, கூட்டம் ஸ்ட்ரெச்சரைப் பாக்குது, உன்னைப் பாக்க வை!" என்று கத்தினார். தூக்கினேன். அழுகையை அடக்கிக்கொண்டு தூக்கினேன். தண்ணீர் பாட்டில் வந்து என் நெற்றியில் பட்டது. அதுவரைக்கும் சரி, அவர்களை என் பக்கம் பார்க்க வைத்துவிட்டேன், உங்களை விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாசத்திலிருந்து என்னோடு ஆட எவனும் வரவில்லை. "தொகாஷி தூக்கினா நான் வரமாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். நாற்காலி அடுக்கினேன், லாரி ஓட்டினேன், வசந்தத்தில் கிளம்பிவிட்டேன். விலகிப் போகிறவனுக்கு ரிங்கில் மரியாதையாக அடிக்கும் மணியைக்கூட எனக்கு யாரும் அடிக்கவில்லை.

நீங்கள் அழுத்தியது உண்மை என்றால் என்னைத் திருடன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நன்றாக யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

தொகாஷி


கோரியாமா
ஜூன் 17

தொகாஷி,

பதில் எழுத நாளாகிவிட்டது. மழைக்காலத்தில் வலது கை பேனா பிடிக்காது. அது சாக்கு என்று உனக்கே தெரியும்.

உன் கடிதம் வந்த அன்று, "பொய் சொல்றான், பொய் சொல்றான்" என்று கடை முழுக்கக் கத்தினேன். இரண்டு வாடிக்கையாளர்கள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். நான் அழுத்தினேன் என்பது என் பெயர் இவாசே என்பது மாதிரி எனக்கு நிச்சயம். அந்த நேரத்தில் வேறு என்ன ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, அது இருக்கிறது. விரல் ஒவ்வொன்றாய் மடங்கியது வரைக்கும் இருக்கிறது.

போன வாரம் கடையைச் சாத்தியபின் நொபுயோ வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சும்மா ஒரு உறுதிக்குக் கேட்டேன்.

"அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல நீ என் கையைப் புடிச்சிட்டு வந்தியே. நான் அழுத்தினேன்ல?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன கேக்கறேன், வாயைத் திறந்து சொல்லேன்!"

"இல்லீங்க."

"என்ன இல்ல? நீதானே ஆமாம் ஆமாம்னே?"

"நீங்க அழுத்தறேன் பாரு, அழுத்தறேன் பாருன்னு வழியெல்லாம் சொல்லிட்டே வந்தீங்க. கை அப்படியே கெடந்துச்சு. இல்லன்னு சொல்ல எந்தப் பொண்டாட்டிக்கு மனசு வரும்? டாக்டரும் அப்ப ஒண்ணும் சொல்லாதீங்கம்மான்னாரு."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பச் சொல்றது? அவன் பேரை எடுத்தாச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான் நீங்க மொதல் தடவையா கஞ்சி குடிச்சீங்க. அவன்மேல இருக்கிற கோவத்துலதான் எழுந்து நடந்தீங்க. அதைப் புடுங்கிட்டா உங்ககிட்ட என்ன இருக்குன்னு பயந்துட்டேன்."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு யாரோடு பேசுவது?

ஆக, நீ சொன்னதுதான் சரி. என் கை செத்துக் கிடந்தது, என் மண்டைக்குள் மட்டும் அது அழுத்திக்கொண்டிருந்தது. நீ எண்ணச் சொல்லியிருக்காவிட்டால் நான் இன்று இல்லை. நம்புகிறேன். முழுசாக நம்புகிறேன். அதை எழுதாமல் விட்டால் நான் மனுஷனில்லை.

ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன்.

கடிதத்தைக் கிழிக்காமல் மேலே படி. என் கடைக்கு வந்து பார்த்தால் உனக்குப் புரியும். கல்லாவுக்கு மேலே என் படம், அடியில் 'தோற்காமல் விலகிய சாம்பியன்' என்று எழுதியிருக்கிறது. வருகிறவன் முதலில் அதைப் பார்க்கிறான், அப்புறம் என் கைத்தடியைப் பார்க்கிறான். அந்த வரிசையில் பார்ப்பதால்தான் என்னால் நிமிர்ந்து நின்று ஆர்டர் எடுக்க முடிகிறது. அண்டாவைத் தூக்க முடியாது. கரண்டியை இடது கையில் பிடிக்கிறேன். மாடிப்படி ஏற நொபுயோ பின்னால் வர வேண்டும். எல்லாம் போய் எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வரி. உன் பெயர் ஏறினால் அந்த வரி போய்விடும். நீ உன் பெயருக்காகக் கேட்கிறாய், நானும் என் பெயருக்காகத்தான் மறுக்கிறேன்.

சின்னத்தனம்தான். தெரிந்தே செய்கிறேன். திட்டு.

இவாசே


ஹாச்சினோஹே
ஜூன் 22

இவாசே அண்ணனுக்கு,

திட்டச் சொன்னீர்கள். கணவாய் சீசன் தொடங்கிவிட்டது, திட்ட நேரமில்லை.

உண்மை தெரியாமல் நீங்கள் என்மேல் கோபமாக இருந்தவரை எனக்குத் தூக்கம் வந்தது. உண்மை தெரிந்தால் அண்ணன் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று இருபது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன். இப்போது அதுவும் போயிற்று. எல்லாம் தெரிந்துகொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு, நீ அப்படியே கிட என்கிறீர்கள்.

படத்தை நன்றாகத் துடைத்து வையுங்கள். கடைப்புகை படியும்.

இனிமேல் எழுத மாட்டேன்.

தொகாஷி


கோரியாமா
செப்டம்பர் 25

தொகாஷி,

நீ எழுத வேண்டாம், படித்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை சென்டாயில் விழா நடந்தது. போனேன். உனக்கு எதுவும் செய்யலாம் என்ற யோசனையோடு போகவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, கைதட்டல் வாங்கத்தான் போனேன்.

உயிரோடு இருக்கிற பழைய சாம்பியன்களை ஒவ்வொருவராக ரிங்குக்குள் கூப்பிட்டார்கள். என் முறை வந்தது. படி ஏற இரண்டு பேர் பிடித்தார்கள். அறிவிப்பாளன் நீட்டி முழக்கினான்: "ஐந்தாவது சாம்பியன்! கழுத்து முறிந்தும் பட்டத்தை யாரிடமும் இழக்காதவர்! ஒருமுறையும் தோற்காத இவாசே!" கூட்டம் எழுந்து நின்றது. இருபது வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட சத்தம் அது. முன்வரிசையில் நொபுயோ உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் என்னைப் பார்க்க, அவள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்பட்டாள்டா. என்னை நினைத்து வெட்கப்பட்டாள்.

மைக்கைப் பிடுங்கினேன்.

"நான் தோத்திருக்கேன்" என்றேன். "மோரியோக்காவுல மூணு எண்ணினாங்க. என்னால தோளைத் தூக்க முடியல. ஜெயிச்சவன் பேரு தொகாஷி. அவன் திருடல, என் உசுரக் காப்பாத்தினான். ஆறாவது சாம்பியன் அவன்தான். எழுதிக்கோங்க."

எனக்கு முதுகெல்லாம் லேசாகிவிட்டது. அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு மூலையிலிருந்து ஒருவன், "தொகாஷி!" என்று கத்தினான். இன்னொருவன் கத்தினான். அரங்கம் மொத்தமும் காலால் தரையைத் தட்டிக்கொண்டு "தொ-கா-ஷி! தொ-கா-ஷி!" என்று ஆரம்பித்துவிட்டது. எல்லா முகமும் நுழைவாயில் பக்கம் திரும்பிவிட்டது. உன் நுழைவுப் பாட்டு ஒலிக்கும், நீ ஓடி வருவாய் என்று பார்க்கிறார்கள்! நாம் கட்டுகிற கதைகளில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். "இது கதையில்லய்யா, நெஜம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். நன்றாக நடிக்கிறேனாம்.

நம் தொழிலே அதுதானே. பொய்யை நிஜம் மாதிரி சொல்லிச் சொல்லி, நிஜத்தைச் சொல்ல ஒரு வழியும் மிச்சம் வைக்கவில்லை.

உள்ளே போனால் ஹோசாக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இவாசே, இவ்ளோ நாளா இதை ஏன்யா உள்ள வெச்சிருந்தே? டிசம்பர் ஆட்டத்துக்கு மோரியோக்கா அரங்கம் இப்பவே நெறஞ்ச மாதிரிதான்!"

"தலைவரே, நான் சொன்னது உண்மை. நொபுயோவைக் கேளுங்க."

"இருக்கட்டுமே, யாரு இல்லேன்னாங்க? உண்மையா இருந்தா இன்னும் நல்லது."

உனக்குப் போன் செய்வார். நிச்சயம் செய்வார். எடுக்காதே. உன்னை வைத்து வித்தை காட்டுவார்கள்.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். ஜூனில் எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுவது அசிங்கமாக இருக்கிறது. இருந்தாலும் இருக்கட்டும். மன்னித்துவிடு.

கடையில் படத்தைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிகிறது. என்ன மாட்டுவது என்று தெரியவில்லை.

இவாசே


ஹாச்சினோஹே
அக்டோபர் 14

இவாசே அண்ணனுக்கு,

எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் வேறு ஒருவர் வாயால் உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதுகிறேன்.

ஹோசாக்கா போன் செய்யவில்லை, நேரிலேயே வந்துவிட்டார். கம்பெனி வாசலில் ரப்பர் பூட்ஸும் ஏப்ரனுமாக நான் நிற்க, அவர் கார் கண்ணாடியை இறக்கி, "வாய்யா சாம்பியன்!" என்றார். என் கூட வேலை செய்கிறவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் காரை நோக்கி நடந்துவிட்டேன். கேவலம்தான், ஆனால் நடந்தேன்.

அவர் சொன்னது இது. புத்தகத்தை மறுபடி அச்சடித்து, ஆறாவது சாம்பியன் என்று என் பெயரைப் போடுவார்கள். மற்ற பதினேழு பேரின் எண்ணும் மாறும். பையனுடைய பனியனைக்கூட மாற்றி அடிப்பார்களாம். அதற்கு ஒரு நிபந்தனை. பெல்ட்டை வைத்திருந்தவன் தோற்றுவிட்டுத்தான் போக வேண்டும், அது நம் வழக்கம். நான் இன்னும் யாரிடமும் தோற்கவில்லை. ஆகவே டிசம்பரில், மோரியோக்காவில், இப்போதைய பையனிடம் நான் தோற்க வேண்டும்.

"எனக்கு அம்பத்தொண்ணு ஆகுது தலைவரே. முட்டி மடங்காது."

"அதெல்லாம் அவன் பாத்துக்குவான். நீ சும்மா நில்லு, போதும்."

"இவாசே அண்ணன் சொன்னதையே நானும் மைக்ல சொல்லிடறேன். காப்பாத்தத்தான் படுத்தேன்னு."

சிரித்தார். "ஏன்யா, தொழிலையே மறந்துட்டியா? உசுரக் காப்பாத்தினவன் தோக்கறதைப் பாக்க எவன்யா டிக்கெட் எடுப்பான்? இவாசே பெரிய மனசு பண்ணி உன்னை மன்னிச்சிட்டாரு. நீ வந்து, ஆமாண்டா, திருடினேன், அந்தக் கெழவன் கழுத்தை முறிச்சுத்தான் எடுத்தேன்னு சொல்லணும். அப்பத்தான் பையன் அடிக்கும்போது ஜனங்க எழுந்து நிப்பாங்க."

செய்யாததைச் செய்தேன் என்று சொன்னால், நடந்ததை நடந்தது என்று எழுதுவார்கள். அதைத் தவிர வேறு வழி இல்லை. நீங்கள் உண்மையைச் சொல்லிப் பார்த்தீர்கள். என்ன நடந்தது?

சரி என்று சொல்லிவிட்டேன் அண்ணே.

சுவரொட்டி அடித்துவிட்டார்கள். 'திருடன் திரும்பி வருகிறான்'. கொட்டை எழுத்தில் அது, கீழே சின்னதாக 'ஆறாவது சாம்பியன் தொகாஷி'. எங்கள் கம்பெனிச் சாப்பாட்டு அறையில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். சின்ன எழுத்தை மட்டும் நான் தினம் ஒரு தடவை படிக்கிறேன்.

முன்வரிசையில் உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டீர்கள் அல்லவா, அதற்குப் பதிலாக எனக்கு ஒன்று செய்யுங்கள். நான் மைக்கில் "திருடினேன்" என்று சொல்லும்போது இல்லை என்று தலையை ஆட்டிவிடாதீர்கள். கைத்தடியைத் தூக்கிக்கொண்டு என்னை அடிக்க வாருங்கள். நொபுயோ அக்கா தரையைப் பார்க்காமல் என்னை முறைக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். கூட்டம் நம்ப வேண்டும் அண்ணே. அவர்கள் நம்பினால்தான் என் பெயரை அச்சடிப்பார்கள்.

தொகாஷி